அடுத்த அறைக்குச் செல்லாத கோப்பு

ஈப்போவிலிருந்து எழுதும் ஒரு மின்னஞ்சல் நொடிப்பொழுதில் இலண்டன் போய்ச் சேர்கிறது. ஆனால் ஒரே வீட்டில், ஒரு சுவரின் இரு பக்கங்களில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கிடையே ஒரு கோப்பை அனுப்ப முயல்வோர், அரைநாள் பாடுபட்டும் தோல்வியுறுவதுண்டு. இது விந்தைபோலத் தோன்றினும் காரணம் தெளிவானதே. மின்னஞ்சலை ஏற்றுக் கொண்டுசேர்க்கும் வேலையை, அதற்கென்றே இரவு பகலாக இயங்கும் நிலையங்கள் செய்கின்றன. வீட்டுக்குள் அப்படிப்பட்ட நிலையம் எதுவுமில்லை. அனுப்புகிறவரும் வீட்டாரே, பெறுகிறவரும் வீட்டாரே, கதவைத் திறந்துவிடவேண்டிய காவலரும் வீட்டாரே.

தமிழாசிரியர்களுக்கு இவ்விஷயம் முன்னைக் காட்டிலும் இப்போது அதிகம் வேண்டப்படுவதாக இருக்கிறது. விண்டோஸ் 10 மென்பொருளுக்கு அளிக்கப்பட்டுவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அதனால் பலர் புதுக் கணினி வாங்கியிருக்கின்றனர். பழைய கணினியிலோ இருபது முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த வினாத்தாள்கள், பள்ளி ஆண்டுவிழா நாடகங்கள், பாட்டிமாரிடம் கேட்டுப் பதிந்த தாலாட்டுகள் ஆகியவை கிடக்கின்றன. இவற்றிற் பல அச்சேறாதவை. வேறெங்கும் படி இல்லாதவை. அந்தப் பழைய வட்டு எந்த நாளில் நின்றுபோகும் என்று யாராலும் சொல்ல இயலாது.

‘பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனால் போயிற்று’ என்பாருமுளர். பத்துக் கோப்புகளுக்கு அது நல்ல வழியே. ஆனால் சிறிய டிரைவுகள் பலவற்றில் உள்ள ஃபேட்32 என்னும் பழைய அமைப்பு, 4 கிகாபைட்டை எட்டும் ஒற்றைக் கோப்பை ஏற்காது. விழா நிகழ்ச்சியின் ஒளிப்படப் பதிவு ஒன்றே அந்த அளவைத் தாண்டிவிடும். இரு கணினிகளையும் வீட்டு வலையின் வழியே இணைத்துவிட்டாலோ, நூறு கிகாபைட்டாயினும் ஒருமுறை சொல்லிவிட்டு உறங்கச் செல்லலாம்.

குறை தேடுவோரிடம் பொதுவாகக் காணப்படும் பிழை ஒன்றுண்டு. ரவுட்டரை அணைத்துப் போடுவர், கடவுச்சொல்லை மாற்றுவர், புதிய மென்பொருளை நிறுவுவர், அனைத்தையும் ஒரே வேளையில் செய்வர். பிறகு கோப்பு சென்றாலும் எதனால் சென்றது என்பது தெரியாது. சரியான முறை, முதலில் பாதை உண்டா என்று பார்ப்பது. பிறகு கதவு திறந்திருக்கிறதா என்பது. அதன்பின் உள்ளே போக அனுமதி உண்டா என்பது. இறுதியில், போன பொருள் பழுதின்றிச் சேர்ந்ததா என்பது. ஒன்று தெளிவாகாமல் அடுத்ததற்குச் செல்லலாகாது.

பாதை

வீட்டிலுள்ள ரவுட்டர், தன்னிடம் வரும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி கொடுக்கிறது. 192.168 என்று தொடங்குவது பெருவழக்கு. இவ்வகை எண்கள் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் தனி எண்கள் என்று 1996இல் வரையறுக்கப்பட்டன. விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் கணினி தன் முகவரியைச் சொல்லும். இரு கணினிகளிலும் இதைச் செய்து, எண்களைத் தாளில் குறித்துக்கொள்க. ஒன்று 192.168.1.12 என்றும் மற்றது 192.168.1.15 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன எனக் கொள்ளலாம். 169.254 என்று தொடங்கும் எண் தோன்றினால் அந்தக் கணினிக்கு ரவுட்டர் முகவரியே தரவில்லை என்பது பொருள். கம்பியையோ வைஃபை இணைப்பையோ பார்க்கவேண்டுமே தவிர, கோப்பைப் பற்றி எண்ண இன்னும் காலம் வரவில்லை.

மாடி வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இணையச் சேவை தருவோர் கீழ்த்தளத்தில் ஒரு பெட்டியை வைத்துச் செல்வர். மேல்மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று வீட்டார் கடையில் இன்னொரு ரவுட்டரை வாங்கி மாட்டுவர். இப்போது வீட்டுக்குள் இரண்டு தெருக்கள்: கீழே 192.168.1, மேலே 192.168.0. இணையம் இரண்டிலும் நன்றாக வரும். ஆதலின் யாருக்கும் ஐயம் எழாது. ஆனால் மேல்மாடிக் கணினி கீழ்த்தளத்துக் கணினியை முகவரி சொல்லி அழைத்தால் பெரும்பாலும் போய்ச் சேரும். கீழிருந்து மேலே அழைத்தால் போகாது. இரண்டாவது ரவுட்டர் தன் பின்னே இருப்பவற்றை மறைத்துவிடுவதே காரணம். ‘ஒரு பக்கம் போகிறது, மறுபக்கம் வரவில்லை’ என்று யாரேனும் சொன்னால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, வீட்டில் எத்தனை ரவுட்டர்கள் என்பதே. மேல்மாடிப் பெட்டியை ‘அக்செஸ் பாயிண்ட்’ என்னும் நிலைக்கு மாற்றினால் இரு தெருவும் ஒன்றாகிவிடும்.

விருந்தினர்க்கான வைஃபையும் இதே வகைத் தடைதான். வரும் விருந்தினர் வீட்டுக் கணினிகளை எட்டிப் பார்க்கலாகாது என்பதற்காகவே அது படைக்கப்பட்டது. புதுக் கணினியை அவசரத்தில் அதில் இணைத்துவிட்டு, பிறகு மறந்துபோவது எளிது.

பாதையைச் சோதிக்கும் பழங்கருவி ‘பிங்’. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் முஸ் என்பவர் 1983 டிசம்பரில் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் முறையே இதற்குப் பெயரும் தந்தது. பிங் என்று தட்டி மற்றக் கணினியின் எண்ணைக் கொடுத்தால், அது விழித்திருந்து மறுமொழி தரும். இங்கே தருக்கத்தில் கவனம் வேண்டும். மறுமொழி வந்தால் பாதை உண்டு என்பது உறுதி. வராவிட்டால் பாதை இல்லை என்று முடிவுகட்ட இயலாது. விண்டோஸின் தீயரண், அதாவது ஃபயர்வால், பிங்கை வேண்டுமென்றே புறக்கணிப்பதுண்டு. அப்போது ‘ஆர்ப்’ என்னும் கட்டளையை இடைக்கோடு, ஏ என்ற எழுத்துடன் தட்டிப் பார்க்கவேண்டும். பிங் செய்த எண்ணுக்கு எதிரே அந்தக் கணினியின் வன்பொருள் முகவரி பட்டியலில் இருந்தால், அது அதே தெருவில் உயிரோடுதான் இருக்கிறது. காது கேளாததுபோல் இருக்கிறது, அவ்வளவே.

கதவும் காவலும்

ஒவ்வொரு கணினியிலும் எண்ணிட்ட துறைகள் உண்டு. ஆங்கிலத்தில் போர்ட் என்பர். படகு எந்தத் துறையில் கரையேறுகிறது என்பதைப் போல, எந்தப் பணிக்கு எந்த எண் என்பது வழக்காகிவிட்டது. விண்டோஸின் கோப்புப் பகிர்வாகிய எஸ்.எம்.பி.க்கு 445, பழைய எஃப்.டி.பி.க்கு 21, மறைமொழியில் பேசும் எஸ்.எஸ்.எச்.க்கு 22. இந்த 22க்கு ஒரு கதை உண்டு. 1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டபோது, அங்கிருந்த தாத்து யூலோனென் என்பவர் எஸ்.எஸ்.எச்.சை ஆக்கினார். எஃப்.டி.பி.யின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் இடையே 22 காலியாக இருந்தது, கேட்டார், கிடைத்தது.

கதவு தொடர்பாகக் கணினி சொல்லும் இரண்டு பிழைச் செய்திகளை வேறுபடுத்தி அறிந்தவர்க்குப் பாதி வேலை முடிந்ததாகும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று உடனே வந்தால், கணினியை அடைந்தாயிற்று, ஆனால் அந்தத் துறையில் ஆள் இல்லை என்பது பொருள்; பகிர்வுப் பணி இன்னும் தொடங்கப்படவில்லை. ‘நேரம் கடந்துவிட்டது’ என்று நெடுநேரம் கழித்து வந்தால், அழைப்பை யாரோ வழியில் விழுங்கிவிட்டனர், பெரும்பாலும் தீயரண்தான். விண்டோஸின் தீயரண் மட்டும் ஆளில்லாத துறைக்கும் மறுப்புரைக்காமல் வாளாவிருப்பதுண்டாதலால், எதிரே இருப்பது விண்டோஸ் கணினியாயின் இரண்டையும் சேர்த்தே சோதிக்கவேண்டும். அதிலும் முதலில் பார்க்கத்தக்கது, அந்த வலையைக் கணினி ‘பொது’ என்று கருதுகிறதா, ‘தனி’ என்று கருதுகிறதா என்பதே. காப்பிக் கடையின் வைஃபைக்கு ஏற்ற பொது அமைப்பு வீட்டிலும் இருந்துவிட்டால், கணினி தன்னை ஒளித்துக்கொள்ளும். தனி என்று மாற்றிய அளவில் பல வீடுகளில் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. அதை விடுத்துத் தீயரணையே அடியோடு நிறுத்திவிடச் சொல்லும் அறிவுரை தவறானது. சோதனைக்கென்று நிறுத்தியது பிறகு மாதக்கணக்கில் நின்றே கிடக்கும்.

அனுமதியில் நேரும் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். விண்டோஸில் நுழைய நாள்தோறும் அடிக்கும் நான்கு இலக்கப் பின் எண் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. வலைவழியே அது செல்லாது. முழுக் கடவுச்சொல்லே வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கு வைத்திருப்போர், வலைவழி நுழைய முடியாமல் திகைப்பர். விண்டோஸ் அதை இயல்பாகவே தடுக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சேமிப்புப் பெட்டி புதுக் கணினிக்குத் தென்படவில்லையானால், அது எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பை மட்டும் பேசுகிறது எனலாம். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்னும் தீநிரல் அந்த முதற்பதிப்பின் ஓட்டை வழியேதான் நுழைந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு அதை இயல்பாக வைத்திருப்பதைக் கைவிடத் தொடங்கிற்று. 2024இல் வந்த விண்டோஸ் 11 புரோ, பெயரும் கடவுச்சொல்லும் கேளாத விருந்தினர் நுழைவையும் மறுக்கிறது. பழைய பெட்டிக்காகப் புதுக் கணினியின் காவலைத் தளர்த்துவதைவிட, பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து அதில் ஒரு கணக்கைத் திறப்பது மேல்.

ரவுட்டர் தரும் எண்கள் நிலையானவை அல்ல என்பதையும் மறக்கலாகாது. நேற்று 12 என்றிருந்த கணினி இன்று 20 ஆகியிருக்கும். எஸ்.எஸ்.எச். பயன்படுத்துவோர்க்கு இதனால் திடுக்கிடும் எச்சரிக்கை வரும்: ‘இந்தக் கணினியின் அடையாளம் மாறிவிட்டது’ என்று. பழைய எண்ணில் இப்போது வேறொரு கணினி உட்கார்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். ரவுட்டரின் அமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண்ணை ஒதுக்கிவைத்தால் இத்தொல்லை வாராது.

வேகம் குறைவாயிருப்பின் கம்பியைப் பார்க்கவேண்டும். கிகாபிட் கம்பிக்குள் நான்கு இணைகள் உள்ளன. அவற்றில் ஒன்று அறுந்தாலும் பல வேளைகளில் இணைப்பு சாவதில்லை. இரண்டு இணைகளே போதுமான 100 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. எட்டு பிட்டு ஒரு பைட்டு. ஆகவே நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் போகவேண்டியது 12 ஆகக் குறையும். நூறு கிகாபைட், கால் மணியில் முடியவேண்டியது, இரண்டேகால் மணி நேரத்தை விழுங்கும். இரு கணினிகளும் வைஃபையில் இருப்பின் ஒவ்வொரு துண்டும் ஒரே காற்றுவெளியில் இருமுறை பயணம் செய்கிறது. ஒன்றையேனும் கம்பியில் மாட்டுவது நலம். மடிக்கணினி உறங்கிவிடாதபடி அமைப்பதும் வேண்டும். நடு இரவில் அது கண்ணயர்ந்தால் கோப்பும் நின்றுவிடும்.

பெயரில் வரும் சிக்கல்

இதுவரை சொன்னவை எம்மொழியினர்க்கும் பொது. இனி வருவது தமிழில் பெயரிடுவோர்க்கே பெரிதும் உரியது. கணினிக் கையேடுகள் பேசாது விட்டுவிடுவது.

ஆசிரியர் ஒருவரின் கணினியில் ‘தொல்காப்பியம்’ என்று ஓர் உறை, ‘நன்னூல்’ என்று ஓர் உறை இருக்கின்றன எனக் கொள்வோம். பழைய மேக் கணினியிலிருந்து லினக்ஸில் இயங்கும் சேமிப்புப் பெட்டிக்கு அவற்றை அனுப்புகிறார். பிறகு விண்டோஸ் கணினியிலிருந்தும் அதே பெயர்களில் அனுப்புகிறார். பெட்டியைத் திறந்தால் நன்னூல் ஒன்றே இருக்கிறது. தொல்காப்பியம் இரண்டாக இருக்கிறது! இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. ஒன்றில் பாதிப் பாடங்கள், மற்றதில் மீதி.

இதன் காரணம் எழுத்திலக்கணம் கற்பிப்போர்க்கு உடனே விளங்கும். ஒகர உயிர்மெய்யின் குறி, மெய்யின் முன் ஒற்றைக் கொம்பும் பின் காலுமாக இரு துண்டுகளாக எழுதப்படுகிறது. யூனிகோடு இதை இருவகையாக வைத்துக்கொள்ள இடந்தருகிறது. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வைக்கலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரு குறிகளாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றே என்பது விதி. ஆனால் அவ்விதியை எல்லாக் கணினிகளும் கோப்புப் பெயர்களில் பின்பற்றுவதில்லை. மேக் கணினிகளின் பழைய கோப்பமைப்பு, பெயரைப் பிரித்தே எழுதிவைத்தது. விண்டோஸ், தட்டியதைத் தட்டியபடியே வைக்கிறது. தமிழ் விசைப்பலகைகளில் பெரும்பாலும் சேர்ந்த குறியே வரும். லினக்ஸோ எழுத்தைப் பார்ப்பதே இல்லை. அடியிலுள்ள எண்களைப் பார்த்து, வேறு வேறு என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று உயிர்மெய்க் குறிகளுக்கும், ஔ என்னும் உயிரெழுத்துக்கும் மட்டுமே இந்த இரட்டை வாழ்வு உண்டு. நன்னூலில் இவை எதுவும் இல்லை. ஆகையால் அது தப்பியது.

ஆர்சிங்க் என்னும் படியெடுப்புக் கருவி இதற்கு மருந்து வைத்திருக்கிறது. 1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கராஸ் இருவரும் ஆக்கிய கருவி அது. அதன் ‘ஐகான்வ்’ என்னும் தெரிவைக் கொடுத்தால் பெயரின் வடிவத்தைப் போகிற போக்கிலேயே மாற்றிவிடும். அறுந்துபோன பயணத்தை மீண்டும் தொடங்குகையில், ஏற்கெனவே முழுதாகச் சேர்ந்த கோப்புகளை விட்டுவிட்டு எஞ்சியவற்றை மட்டும் அனுப்பும் குணமும் அதற்குண்டு.

நீளமும் ஒரு தடையே. தொல்காப்பியம் என்பதில் எழுத்து ஏழு. யூனிகோடு கணக்கில் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால் 13. ஒவ்வொன்றும் மூன்று பைட்டு ஆதலின் 39 பைட்டு. லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகலாகாது. ஆங்கிலத்தில் 255 எழுத்து. தமிழில் 85 குறியோடு முடிந்துவிடும். விண்டோஸோ 255 குறி வரை தமிழிலும் இடம் தருகிறது. ஆகவே ஆண்டு, வகுப்பு, பாடம், தேர்வு என அனைத்தையும் பெயரிலேயே எழுதும் நல்ல பழக்கமுள்ள ஆசிரியரின் கோப்பு, விண்டோஸில் இனிது வாழ்ந்து, பெட்டியின் வாசலில் ‘பெயர் நீளம்’ என்று திருப்பப்படும். மேக்கிலும் லினக்ஸிலும் கேள்விக்குறியோடு ‘விடை எது?’ என்று பெயரிட்ட கோப்பு விண்டோஸில் ஏறாது. கேள்விக்குறி, முக்காற்புள்ளி, உடுக்குறி முதலியவற்றை அது பெயரில் ஏற்பதில்லை.

சேர்ந்த பின்

கோப்பு வந்து சேர்ந்தது. திறந்தால் தமிழ் இல்லை. தலையில் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளோ, பொருளற்ற ஆங்கில எழுத்துகளோ வரிசையாக நிற்கின்றன. வழியில் கெட்டுவிட்டது என்று பழைய கணினிக்கு ஓடி மறுபடி அனுப்புவதில் பயனில்லை. பெரும்பாலும் ஒன்றுமே கெடவில்லை. யூனிகோடு பரவுமுன், ஒவ்வொரு எழுத்துருவும் தமிழை வேறு வேறு எண்களில் வைத்திருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியில் இவ்வட்டாரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் கணியன், மலேசியாவின் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் ஆகியவை அக்காலத்தவை. தமிழிணையம் பற்றிய முதல் மாநாடும் 1997இல் சிங்கப்பூரில்தான் நடந்தது. டிஸ்கி என்னும் குறியேற்றத்தில் எழுதியவை ஐரோப்பிய எழுத்துகள்போலத் தோன்றும். பாமினி போன்ற எழுத்துருவில் எழுதியவை வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். ஆவணங்களை அனுப்புவோர் எழுத்துருக்கள் கிடக்கும் உறையை அனுப்ப மறந்துவிடுகின்றனர். அது ஆவணங்களோடு சேர்ந்து வராது. தனியே எடுத்து வரவேண்டும். வந்தபின் படிக்க முடியும். யூனிகோடுக்கு மாற்றவும் முடியும். மாற்றிய படியோடு மூலத்தையும் வைத்துக்கொள்வது நன்று. மாற்றும் கருவிகள் கிரந்த எழுத்துகளிலும் பழைய ணகர, றகர, னகர வடிவங்களிலும் இடறுவதுண்டு.

உண்மையிலேயே கோப்பு கெட்டதா என்பதை அறிய ஐயத்துக்கிடமற்ற வழி ஒன்றுண்டு. ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு ஒரு நீண்ட முத்திரை எண்ணைத் தரும் ஷா-256 என்னும் முறை அது. விண்டோஸில் பவர்ஷெல்லின் ‘கெட்-ஃபைல்ஹேஷ்’ கட்டளை இதைச் செய்கிறது. இரு கணினிகளிலும் முத்திரை ஒன்றாயிருந்தால் ஒரு பிட்டும் மாறவில்லை. வேறாயிருந்தால் இடையில் அறுந்திருக்கலாம், அல்லது எஃப்.டி.பி.யின் உரைநிலையில் அனுப்பியிருக்கலாம். 1971இல் அபய் பூஷண் வகுத்த அம்முறை, கணினிக்குக் கணினி வரிமுடிவுக் குறி வேறுபட்ட காலத்துக்கு ஏற்ப, உரைநிலையில் அக்குறிகளை மாற்றிக் கொடுக்கும். உரைக்கு அது உதவி. படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் கேடு. மறைமொழி இல்லாத இம்முறையை இணைய உலாவிகளே 2021இல் கைவிட்டன. வீட்டிலும் அதற்கு இனி இடமில்லை எனலாம்.

அனுப்பும்போது ‘வெட்டி ஒட்டு’ என்பதைத் தவிர்த்துப் ‘படியெடு’ என்பதையே ஆளவேண்டும். வெட்டி ஒட்டும் பயணம் நடுவில் அறுந்தால், எது எங்கே இருக்கிறது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும். பழைய வட்டு முனகத் தொடங்கியிருந்தால் திரைப்படங்களை விட்டுவிட்டு, வேறெங்கும் கிடைக்காதவற்றை முதலில் எடுக்கவேண்டும்: பாட்டிமாரின் குரல் முன்னே, வினாத்தாள் பின்னே. முத்திரைகள் ஒத்த பிறகும் சில மாதம் பழைய கணினியை அழிக்காமல் வைத்திருக்கலாம். அதன் பகிர்வை மட்டும் மூடிவிடவேண்டும். வெளியூரிலிருந்தும் எட்டவேண்டும் என்று ரவுட்டரில் 445ஆம் துறையை இணையத்துக்குத் திறந்துவைத்தவர்கள் இருந்தால், அதை இன்றே அடைப்பது நல்லது.